இரண்டு ஊர், இரண்டு பரிசு: ‘எ பெட்டர் டுமாரோ’ யாருடைய படம்?

#1 | பழையரீல்

நண்பர்களே, நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

ஜான் வூ இயக்கி, 1986 ஆகஸ்ட் 2 அன்று ஹாங்காங்கில் வெளியான ‘எ பெட்டர் டுமாரோ’வைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் பேச்சு உடனே சௌ யுன் ஃபாட்டிடம் போய் நின்றுவிடுகிறது. முழங்காலைத் தொடும் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, உதட்டோரம் ஒரு தீக்குச்சி, எரியும் கள்ள டாலர் நோட்டில் சிகரெட் பற்றவைக்கும் மிடுக்கு. அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் இது ஹோவாக நடித்த டி லுங்கின் படம் என்பதுதான் என் துணிபு.

கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோ கள்ள நோட்டுக் கும்பலில் பெரிய ஆள். தம்பி கிட் போலீஸ் பயிற்சியில் இருக்கிறான். அண்ணனின் தொழில் அவனுக்குத் தெரியாது. நோயாளித் தந்தை தொழிலை விடச் சொல்கிறார். தைவானில் கடைசியாக ஒரு வேலையை முடித்துவிட்டு விலகிவிடலாம் என்று போகிற ஹோ அங்கே காட்டிக்கொடுக்கப்படுகிறான், சிறைக்குப் போகிறான். ஹாங்காங்கில் தந்தை கொல்லப்படுகிறார். மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பும் ஹோ, முன்னாள் கைதிகளுக்கு வேலை கொடுக்கும் ஒரு டாக்சி நிறுவனத்தில் சேர்கிறான். தம்பி அவன் முகத்தைக்கூடப் பார்க்க மறுக்கிறான். படம் இந்த மனிதனின் தலைகுனிவைப் பற்றியது. சௌ நடித்த மார்க் அவனுடைய நண்பன், துணைப் பாத்திரம்.

பரிசுகளைப் பாருங்கள். தைவானில் கோல்டன் ஹார்ஸ் விருது விழாவில் சிறந்த நடிகர் டி லுங். ஹாங்காங் திரைப்பட விருது விழாவிலோ அதே படத்துக்காகச் சிறந்த நடிகர் சௌ யுன் ஃபாட். ஒரே படம், இரண்டு ஊர்கள் இரண்டு பேரைப் பார்த்திருக்கின்றன. நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்?

#2 | கடலோரன்

சௌவைத்தான். இதில் தயங்குவதற்கு எனக்கு எதுவும் இல்லை.

1986-க்கு முன் அவர் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். 1980-இல் ‘தி பண்ட்’ தொலைக்காட்சித் தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். ஆனால் திரையரங்குக்கு வந்தால் கூட்டம் இல்லை. வசூலுக்கு விஷம் என்றே பத்திரிகைகள் எழுதின. ஜான் வூவும் அப்போது ஓய்ந்துபோன கைதான். நகைச்சுவைப் படங்கள் எடுத்து, அவை சரியாக ஓடாமல், நிறுவனம் அவரைத் தைவான் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்திருந்தது. சுய் ஹார்க் தயாரிப்பாளராக நின்று கைகொடுக்காவிட்டால் இந்தப் படமே இல்லை.

ஆக, இழந்ததை மீட்டே தீருவேன் என்று மார்க் சொல்லும்போது அது ஒரு கதாபாத்திரத்தின் பேச்சு மட்டும் அல்ல. மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன், நான் யாருக்கும் மேலானவன் என்று காட்ட அல்ல, என் கையிலிருந்து போனதை நானே எடுத்துக்கொள்வேன் என்று காட்டத்தான் என்கிறான். அந்தக் குரலில் நடிகரும் இயக்குநரும் சேர்ந்தே பேசுகிறார்கள். மக்களுக்கு அது கேட்டது. 3 கோடியே 46 லட்சம் ஹாங்காங் டாலர் வசூல். அதுவரை அந்த நகரத்தில் எந்தப் படமும் ஈட்டாத தொகை.

#3 | பழையரீல்

கடலோரன், நீங்கள் சொன்ன அந்த வாதத்துக்குள்தான் என் வாதமும் இருக்கிறது. ஓய்ந்துபோனவர்கள் இருவர் என்கிறீர்கள், மூவர் என்பேன். டி லுங் 1970-களில் ஷா சகோதரர்கள் ஸ்டூடியோவின் பெரிய வாள்வீச்சு நாயகன். அந்த ஸ்டூடியோ 1980-களின் நடுவில் படத்தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நாற்பதை எட்டிய நடிகர், அவரை வளர்த்த தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது, நகரத்தில் புது முகங்கள். சிறையிலிருந்து வந்து டாக்சி ஓட்டும் ஹோவுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னொரு செய்தியும் உண்டு. ஜான் வூ தொடக்கத்தில் இயக்குநர் சாங் சேயிடம் உதவியாளர். 1973-இல் வந்த சாங் சேயின் ‘பிளட் பிரதர்ஸ்’ படத்தில் டி லுங் நடித்தார். அந்தப் படத்தில் உதவி இயக்குநர் ஜான் வூ. இருவரும் 1946-இல் பிறந்தவர்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே நடிகரின் கையிலிருந்து வாளை வாங்கிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

#4 | படத்தொகுப்பு மேசை

தொழில்முறையில் படத்தொகுப்பு செய்கிறவன் என்பதால் உணவகக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்த காட்சி அது.

மார்க் தன் நண்பனைக் காட்டிக்கொடுத்தவர்களைத் தேடித் தைவான் உணவகத்துக்கு வருகிறான். ஒரு பெண்ணின் தோளில் கை போட்டபடி, சிரித்தபடி, நடைவழியில் மெதுவாக நடக்கிறான். நடக்கும்போதே வழியிலுள்ள பூந்தொட்டிகளில் கைத்துப்பாக்கிகளைச் செருகிக்கொண்டே போகிறான். பின்னணியில் பாட்டு. அவசரமே இல்லை. கதவை இழுத்துத் திறந்து இரண்டு கைகளாலும் சுடுகிறான். குண்டு தீர்ந்த துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கும்போது தொட்டியிலிருந்து அடுத்ததை எடுக்கிறான்.

இதில் என்ன விசேஷம்? துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த நடைவழி முழுவதும் நம் மனத்தில் முன்கூட்டியே வரையப்பட்டுவிடுகிறது. அதனால் சண்டை எவ்வளவு வேகமாக வெட்டப்பட்டாலும் பார்ப்பவர் வழி தவறுவதில்லை. இன்றைய பல துப்பாக்கிச் சண்டைகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே புரியாமல் போவதற்கு இந்த முன்னேற்பாடு இல்லாததுதான் காரணம். இடத்தைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

சாதாரண வேகமும் மெதுவான அசைவும் மாறி மாறி வருவது சாங் சேயின் வாள்படங்களிலிருந்து வந்த பழக்கம். வீரன் விழும்போது காலம் நீள வேண்டும் என்பது அங்கே இலக்கணம். அதைக் கோட்டும் சூட்டும் போட்ட ஆட்களுக்கு வூ கொண்டுவந்தார். பிரெஞ்சு இயக்குநர் மெல்வில் 1967-இல் எடுத்த ‘லெ சாமுராய்’ மீதும் அவருக்குப் பெரிய காதல். அந்தப் படத்தின் நாயகன் ஆலன் டெலோனுடைய நிழல் மார்க்கின் கோட்டில் இருக்கிறது.

ஆனால் எல்லோரும் மறந்துவிடுவது காட்சியின் முடிவை. செத்தவன் என்று நினைத்த ஒருவன் தரையில் கிடந்தபடியே சுடுகிறான். மார்க்கின் கால் சிதைகிறது. படத்தின் மிச்சம் முழுவதும் அவன் நொண்டி. உலகமே பார்த்துப் பார்த்துப் போலி செய்த காட்சி, அந்த மனிதன் அழிந்துபோன காட்சி.

#5 | சிராங்கூன் வாசகர்

#4 அருமை. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே 1979-இல் ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கம் தொடங்கிய பிறகு ஹாங்காங் படங்களும் தொடர்களும் மாண்டரின் குரலில்தான் வந்தன. அக்கம்பக்கத்துச் சீனப் பாட்டிகள் வீட்டில் ஹாங்காங்கின் மொழியான கான்டோனீஸ் பேசுவார்கள், தொலைக்காட்சியில் தங்கள் ஊர் நடிகர்கள் வேறு மொழி பேசுவதைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்த்த மார்க்கும் மாண்டரின் பேசினான்.

வெகு காலம் கழித்துக் கான்டோனீஸ் ஒலியில் பார்த்தபோது வேறு படம் பார்ப்பதுபோல இருந்தது. கான்டோனீஸில் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன அசைகள் உண்டு. உரிமை, சலிப்பு, கெஞ்சல் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. மாண்டரினில் மார்க் வசனம் பேசினான். கான்டோனீஸில் நண்பனோடு பேசினான். அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலி பதியாமல் பின்னர் ஸ்டூடியோவில் குரல் சேர்த்தவை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் மொழி தன் ஊர்மண்ணோடு வரும்போது வேறுதான்.

#6 | ஈப்போ மைந்தன்

இழையைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். மலேசியாவின் ஈப்போவில் கான்டோனீஸ் கடைத்தெரு மொழி. மீன் வாங்கவும் பஸ்ஸில் சண்டை போடவும் எங்கள் தலைமுறைத் தமிழர்கள் பலர் அதைச் சரளமாகப் பேசுவோம். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துவந்து சித்தப்பா வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்தோம். எங்களுக்கு எழுத்து வரி (சப்டைட்டில்) தேவைப்படவில்லை.

படத்தின் உண்மைப் பெயர் ‘யிங் ஹுங் பூன் சிக்’. வீரனின் இயல்பான நிறம் என்று சொல்லலாம். வேடம் கலைந்தபின் மிஞ்சுகிற நிறம். ஆங்கிலப் பெயர் அதற்குச் சம்பந்தமே இல்லாதது. 1985-இல் தைவானில் லோ தா யூ எழுதி, பல பாடகர்கள் சேர்ந்து பாடிய ஒரு பாடலின் பெயரிலிருந்து வந்தது. படத்தில் குழந்தைகள் அதைப் பாடுகிறார்கள்.

அடுத்து, மார்க்கை ஊரே ‘மார்க் கோ’ என்று அழைத்தது. ‘கோ’ என்றால் அண்ணன். படத்தில் மார்க்கும் ஹோவை ‘ஹோ கோ’ என்றே அழைக்கிறான். உடன்பிறந்த தம்பியோ அண்ணனை அந்தச் சொல்லால் அழைக்க மறுத்துக்கொண்டே இருக்கிறான். நீ இனி எனக்கு அண்ணன் இல்லை, போலீஸ்காரன் முன்னால் நிற்கும் குற்றவாளி என்கிற தோரணை. ஆங்கில எழுத்து வரியில் இந்தச் சொல் பெரும்பாலும் காணாமல் போய்விடும். தமிழில் எழுத்து வரி இருந்தால் இந்தப் படத்தின் பாதியை ‘அண்ணா’ என்ற ஒரே சொல்லில் கொண்டுவந்துவிடலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

இன்னொரு சொல் ‘யீ ஹெய்’, நண்பர்களுக்கு இடையிலான விசுவாசம். நமது செஞ்சோற்றுக்கடனை இதற்குச் சமம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. செஞ்சோற்றுக்கடன் சோறு போட்டவனுக்குப் படுகிற கடன். கர்ணன் துரியோதனனுக்குப் பட்டது. யீ ஹெய் சமமானவர்களுக்கு இடையில் இருப்பது. யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. அதனால்தான் அதை மீறியவனை மன்னிக்க வழியே இல்லை. குவான் குங் என்ற தெய்வம் அதன் உருவம். ஹாங்காங்கில் குண்டர் கும்பல்களும் அவரைக் கும்பிடுவார்கள், போலீஸ் நிலையங்களிலும் அவருக்கு மாடம் உண்டு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே சாமி என்று நினைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

#7 | நிலாமுற்றம்

எல்லோரும் இவ்வளவு அன்போடு பேசும் இடத்தில் கசப்பைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இந்தப் படத்தில் ஒரே ஒரு பெண் பாத்திரம்: கிட்டின் காதலி ஜாக்கி. அவள் செல்லோ வாசிப்பாள். தேர்வுக்குப் போகும் இடத்தில் செல்லோவைத் தூக்கிக்கொண்டு தடுமாறி விழுவாள். நாம் சிரிக்க வேண்டும். பிறகு இரண்டு ஆண்களுக்கு நடுவே சமாதானத் தூது போவாள், கண்ணீர் விடுவாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று படம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மரியாதை, துரோகம், மீட்சி எல்லாம் ஆண்களுக்கு. அவளுக்குக் கவலை மட்டும்.

இரண்டாவது, குண்டர் வாழ்க்கைக்கு இந்தப் படம் கொடுத்த பொலிவு. ஆகஸ்ட் மாத வெயிலில் ஹாங்காங் இளைஞர்கள் நீளக் கோட்டு போட்டுத் திரிந்தார்கள் என்பதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அது ரசிக்கத்தக்கதாகத் தெரியவில்லை. உண்மைக் கும்பல்களுக்கு யீ ஹெய் எங்கே இருந்தது? 1992 ஜனவரியில் ஹாங்காங் திரைத்துறையினரே தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், கும்பல்களின் மிரட்டலுக்கு எதிராக. கால்ஷீட் கேட்டு நடிகர்களை மிரட்டுவது, படச்சுருளைத் திருடுவது என்று தொழிலே நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளாகத் திரையில் வீரர்களாக வணங்கப்பட்டவர்கள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றபோது எப்படி இருந்திருக்கும்?

#8 | கடலோரன்

நிலாமுற்றம், 1992 ஊர்வலத்துக்கு ஒரு படத்தைப் பொறுப்பாக்குவது நியாயமா? ஹாங்காங் பட முதலீட்டில் கும்பல் பணம் புகுந்ததற்குக் காரணம் படங்கள் ஈட்டிய பணம். வாள்படம் ஓடியிருந்தாலும் வந்திருப்பார்கள்.

#9 | நிலாமுற்றம்

பொறுப்பாக்கவில்லை கடலோரன். அந்தப் பொலிவுக்கும் அந்த நடுக்கத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பாருங்கள் என்கிறேன். ரசிகர்கள் நாம் அதைப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

#10 | பழையரீல்

நிலாமுற்றம் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பெண்களைப் பற்றிய குறையை அப்படியே ஏற்கிறேன். சுய் ஹார்க்குக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். செல்லோ தேர்வுக் காட்சியில் நடுவராக வந்து உட்கார்ந்திருப்பவர் அவரேதான். 1989-இல் மூன்றாம் பாகத்தை அவரே இயக்கியபோது கதையை வியட்நாமின் போர்க்காலச் சைகோனுக்குக் கொண்டுபோனார். அங்கே மார்க்குக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பவள் அனிட்டா முய் நடித்த பாத்திரம். அந்தப் புகழ்பெற்ற கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் அவனுக்குக் கொடுப்பவளும் அவள்தான். இளைஞர்கள் மூன்று ஆண்டுகளாகப் போட்டுத் திரிந்த கோட்டு ஒரு பெண் தந்தது என்று ஆக்கிவிட்டார்! படம் முதல் பாகத்தின் உயரத்தைத் தொடவில்லை; ஆனால் இந்த ஒரு எண்ணத்துக்காக எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

பொலிவைப் பற்றி: இந்தக் கதையின் வேர் 1967-இல் லுங் கோங் எடுத்த படம். சீனப் பெயர் இதே ‘யிங் ஹுங் பூன் சிக்’தான். சிறையிலிருந்து வெளிவரும் ஒருவன் நேர்மையாக வாழ நினைக்கிறான், பழைய கும்பலும் போலீசும் அவனை விடுவதில்லை. துப்பாக்கி அங்கே முக்கியமே இல்லை. சமூகம் ஒரு முன்னாள் கைதிக்கு வேலை கொடுக்குமா என்பதுதான் கேள்வி. 1986 படத்தில் வரும் டாக்சி நிறுவனம் அந்தப் பழைய படத்தின் மனசாட்சி. கென்னத் சாங் நடித்த முதலாளி பாத்திரம் பேசும் சில வரிகளில் 1967 உயிரோடு இருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டிப் பூந்தொட்டிக்கு ஓடிவிட்டோம்.

வூவுக்கும் அந்த வறுமை கேள்விப்பட்ட கதை அல்ல. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அவர் குடும்பமும் அதில் ஒன்று. அவருக்கு அப்போது ஏழு வயது.

#11 | சிராங்கூன் வாசகர்

1997 பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் ஒப்பந்தம் போட்டு, 1997 ஜூலை 1-இல் நகரம் கைமாறும் என்று நாள் குறித்துவிட்டன. படம் அதற்கு இரண்டு ஆண்டுகள்கூட முடியாத வேளையில் வருகிறது. மலைமேலிருந்து இரவு விளக்குகளைப் பார்த்தபடி மார்க், ஹாங்காங்கின் இரவு இவ்வளவு அழகா, இவ்வளவு அழகான ஒன்று நொடியில் இல்லாமல் போய்விடுமே, மனம் ஒப்பவில்லையே என்கிறான். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும்!

#12 | படத்தொகுப்பு மேசை

விமர்சகர்கள் அந்த வரியை 1997-உடன் இணைத்து நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சின்னத் தயக்கம். கதைக்குள் பார்த்தால் அது ஊரைவிட்டு ஓடப்போகிறவன் சொல்லும் சொல், அதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆனால் படகில் தப்பிப் போய்க்கொண்டிருந்தவன், கரையில் நண்பன் மாட்டிக்கொண்டான் என்று படகைத் திருப்புகிறானே, அங்கேதான் 1986-இன் ஹாங்காங் எனக்குத் தெரிகிறது. போவதா இருப்பதா என்பது அப்போது ஒவ்வொரு வீட்டிலும் நடந்த பேச்சு. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த குடும்பங்கள், படகைத் திருப்புகிற ஒருவனைத் திரையில் பார்த்துக் கைதட்டின.

திரும்பி வந்தவனுக்கு என்ன ஆனது என்பதும் நினைவிருக்கட்டும். அண்ணன் தம்பி உறவின் அருமையை கிட்டின் சட்டையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியம் முடிவதற்குள், தலையில் குண்டு பாய்கிறது.

#13 | கடலோரன்

அந்தச் சாவை ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை என்பதற்குச் சான்று 1987-இல் வந்த இரண்டாம் பாகம். மார்க்குக்கு நியூயார்க்கில் கென் என்று ஒரு இரட்டைச் சகோதரன் இருந்தானாம்! செத்தவனைத் திரும்பக் கொண்டுவர வேறு வழி கிடைக்கவில்லை. பழையரீல், ஒரு துணைப் பாத்திரத்துக்காக இப்படிச் செய்வார்களா? சௌவுக்கு 1987-இல் மட்டும் பத்துக்கு மேற்பட்ட படங்கள். அதே ஆண்டு ரிங்கோ லாம் இயக்கத்தில் அவர் நடித்த ‘சிட்டி ஆன் ஃபயர்’ சில ஆண்டுகளில் அமெரிக்க இயக்குநர் டரன்டினோவின் முதல் படத்துக்கு விதையானது. வூவுடன் 1989-இல் ‘தி கில்லர்’, 1992-இல் ‘ஹார்ட் பாயில்ட்’. 1993-இல் வூ ஹாலிவுட்டில் படம் எடுக்கிறார். இத்தனைக்கும் தொடக்கம் அந்தக் கோட்டுதான். ஆலன் டெலோன் பெயரிட்ட அந்தக் கறுப்புக் கண்ணாடி கடைகளில் தீர்ந்துபோனது என்றும், டெலோனே சௌவுக்கு நன்றி சொல்லி எழுதினார் என்றும் சொல்வார்கள்.

2005-இல் ஹாங்காங் திரைப்பட விருதுக் குழு நூறு சிறந்த சீனப் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது இதற்கு இரண்டாம் இடம். முதலிடம் 1948-இல் வந்த ‘ஸ்பிரிங் இன் எ ஸ்மால் டவுன்’. கும்பல் படம் ஒன்று அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

#14 | பழையரீல்

இரட்டைச் சகோதரன் என் கட்சிக்கும் உதவுகிறான். கடலோரன், நீங்களே சொல்லுங்கள், இரண்டாம் பாகத்தில் யாருக்காவது கண் கலங்கியதா? கோட்டு திரும்ப வந்தது, ஆள் வரவில்லை. வூவும் சுய் ஹார்க்கும் அந்தப் படத்தில்தான் மனம் முறிந்தார்கள். மூன்றாம் பாகத்துக்காக யோசித்திருந்த தன் வியட்நாம் கதையை வூ தனியாக எடுத்துக்கொண்டு 1990-இல் ‘புல்லட் இன் தி ஹெட்’ ஆக்கினார்.

கொரியாவைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் அங்கேயும் இளைஞர்கள் தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். சிறிய இரண்டாம் சுற்றுத் திரையரங்குகளில்தான் படம் வளர்ந்தது. ஆனால் 2010-இல் அவர்கள் மறுஆக்கம் செய்தபோது எதை மையமாக வைத்தார்கள்? வடகொரியாவிலிருந்து தப்பி வந்த அண்ணன், கைவிடப்பட்ட தம்பி. பிரிந்துகிடக்கும் நாட்டுக்கு இந்தக் கதையில் வலித்த இடம் சகோதரர்கள்.

#15 | சிராங்கூன் வாசகர்

சகோதரர் கதை என்றால் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அண்ணன் கள்ளக்கடத்தல், தம்பி போலீஸ் என்று 1975-இல் இந்தியில் ‘தீவார்’ வந்தது. தமிழில் 1981-இல் ரஜினிகாந்த் நடித்த ‘தீ’ அதன் மறுஆக்கம். இடையில் 1979-இல் ஹாங்காங்கின் ஷா சகோதரர்களும் அதை ‘தி பிரதர்ஸ்’ என்று எடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதில் நடித்த டேனி லீதான் பிறகு ‘தி கில்லர்’ படத்தின் போலீஸ்காரர். மறுபுறம், வூவின் கதையை 1994-இல் இந்தியில் வந்த ‘ஆதிஷ்’ எடுத்தாண்டது.

வூ ‘தீவார்’ பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் கதை லுங் கோங்கிடமிருந்து வந்ததுதான். ஆனால் அண்ணன் தம்பி மோதல் தமிழ் ரசிகனுக்குப் பழகிய சோறு. நமக்குப் புதியவன் மார்க். அதனால்தான் நம்மவர்கள் அவனைக் கட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். நம் கதைகளில் இரண்டு மகன்களுக்கும் நடுவே ஒரு தாய் நிற்பாள். இங்கே தாய் இல்லை. அந்த இடத்தில் நொண்டிக்கொண்டு ஒரு நண்பன் நிற்கிறான்.

#16 | படத்தொகுப்பு மேசை

தாயின் இடத்தில் நண்பன்! சிராங்கூன் வாசகரே, இத்தனை ஆண்டுகளில் இதை நான் யோசிக்கவில்லை.

#17 | நிலாமுற்றம்

நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். பெண்களைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் டி லுங்கைப் பற்றிப் பழையரீல் சொன்னதை மனத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு இடங்களில் நிறுத்திவிட்டேன்.

ஒன்று, வாகனம் நிறுத்தும் கட்டடத்தில் மார்க்கைத் தேடி ஹோ வரும் காட்சி. மார்க் கால்கட்டையோடு கார் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஒருகாலத்தில் இவனுக்குக் கீழே இருந்து, இன்று கும்பலின் தலைவனாகிவிட்ட ஷிங் பணத்தைத் தரையில் எறிந்துவிட்டுப் போகிறான். மார்க் அதைக் குனிந்து பொறுக்குகிறான். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தை அள்ளி அள்ளித் தின்கிறான். சௌவின் வாய் நிறையச் சோறு. முதல் காட்சிகளில் தெருவோர வண்டியில் அரிசிமாவுச் சுருளை ரசித்துத் தின்ற அதே வாய். அந்தச் சாப்பாட்டை இத்தனை நாள் கவனித்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டி லுங்கின் முகத்தைக் கவனித்ததே இல்லை. அவர் கூப்பிடுவதற்குமுன் ஒரு கணம் தயங்குகிறார். கூப்பிட்டால் நண்பனின் மானம் போய்விடும் என்ற தயக்கம்.

இரண்டு, கடைசி. ஷிங் போலீசிடம் சரணடைந்து, பணத்தால் வெளியே வந்துவிடுவேன் என்று இளிக்கிறான். தம்பி தன் துப்பாக்கியை அண்ணன் கையில் வைக்கிறான். ஹோ சுடுகிறான். அப்புறம் தம்பியிடமிருந்து விலங்கை எடுத்துத் தானே மாட்டிக்கொள்கிறான். நீ நடக்கும் பாதை சரியானது என்கிறான். குண்டர் வாழ்க்கைக்குப் பொலிவு கொடுத்த படம் என்று எழுதினேன். அந்த விலங்கை மறந்துவிட்டு எழுதினேன்.

#18 | கடலோரன்

லெஸ்லி சியுங்கை நாம் எல்லோரும் மறந்துவிட்டோமே. 1984-இல் ‘மோனிகா’ பாடி நகரத்தையே ஆட்டிவைத்தவர், இங்கே யாருக்கும் பிடிக்காத தம்பி வேடத்தை ஏற்றார். ஜோசப் கூ இசையில், ஜேம்ஸ் வோங் வரிகளில் அந்தப் படத்தின் பாட்டையும் அவர்தான் பாடினார். மன்னிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தம்பியாக நடித்துவிட்டு, பழைய அன்பை நினைத்து உருகும் பாட்டைப் பாடியவர். அவர் இறந்த 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அந்தப் பாட்டை என்னால் முழுவதும் கேட்க முடிவதில்லை.

#19 | பழையரீல்

மறந்தது பெரும் பிழை. நன்றி கடலோரன்.

ஈப்போ மைந்தன், #6-இல் சித்தப்பா வீட்டில் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அன்று அங்கே எப்படி இருந்தது என்று கொஞ்சம் எழுதுங்களேன். நகரங்களின் பரிசுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

#20 | ஈப்போ மைந்தன்

கேட்டதற்காக எழுதுகிறேன் ஐயா. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் பக்கத்து வீட்டுச் சீனப் பையன்களும் உணவகக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவோம். வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டிகளில் மரத்துப்பாக்கி ஒளித்து விளையாடுவோம். கோட்டுக்குப் பதில் அப்பாவின் மழைச்சட்டை. நாங்கள் எல்லோரும் மார்க். ஹோவாக இருக்க யாரும் சம்மதித்ததில்லை.

சித்தப்பா சில ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். எதற்காக என்று வீட்டில் பேசமாட்டார்கள். வந்தபின் டாக்சி ஓட்டினார். என் அப்பா அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் விளையாடப் போனபின் அவர் அந்தக் கேசட்டைத் தனியாகப் போட்டுப் பார்ப்பார். ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது பார்த்தேன். டாக்சி நிறுவனத்தின் முதலாளி ஹோவை வேலைக்கு எடுக்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் பின்னால் ஓட்டி மறுபடி அதையே போட்டார். என்னைப் பார்த்ததும் அணைத்துவிட்டார்.

கடைசித் துப்பாக்கிச் சண்டையை அவர் எங்களோடு சேர்ந்து பார்த்ததில்லை. அது வருமுன் எழுந்து, வெளியே போய், வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.